பெண் பிள்ளைக்கு ஏடு தந்த துப்புயி அடிகளார்



பள்ளி நாள் ஒன்றில் காலை எட்டரை மணிக்கு மன்னார்குடி பேருந்து நிலையத்தின் அருகே சற்று நின்று பாருங்கள். நீடாமங்கலம், வடுவூர், திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பேருந்துகளிலிருந்து மாணவிகள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். இரட்டைச் சடை, சீருடை, தோளில் கனமான புத்தகப் பை. அரசு கொடுத்த மிதிவண்டியில் பாமணி ஆற்றுப் பாலத்தைக் கடந்து வருபவர்களும் உண்டு. அதே நேரத்தில் இவர்களில் எத்தனையோ பேருடைய தாய்மார் முழங்கால் அளவு சேற்றில் நின்று நாற்றுப் பறித்துக்கொண்டிருப்பார்கள். பாட்டிக்குக் கைநாட்டு. அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். மகளோ பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள்.

இந்தக் காட்சி நமக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதால் இதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. இந்த நிலைக்கு வர எத்தனை பேர் ஏச்சும் பேச்சும் வாங்கியிருப்பார்கள் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

அக்டோபர் மாதம் நமக்குச் செபமாலை மாதம். நமது காவிரிப் பாசனப் பகுதியில் அது சம்பா, தாளடி நடவு மாதமும்கூட. அந்த மாதத்தின் 16ஆம் நாளை ஒரு துறவற சபை தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. மாசற்ற இருதய மரியன்னையின் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையே அது. அதைத் தோற்றுவித்த தந்தை லூயி சவினியன் துப்புயி அடிகளாரின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் உழைத்த புதுவை மறைப்பணித் தளத்திலிருந்துதான் 1899ஆம் ஆண்டில் நம் அண்டை மறைமாவட்டமாகிய கும்பகோணம் பிரிந்தது. ஆகவே அவர் நமக்கு அயலார் அல்லர்.

சான்ஸ் நகரிலிருந்து புதுவைக்கு

துப்புயி அடிகளார் 1806ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சு நாட்டின் சான்ஸ் நகரில் பிறந்தார். அந்நகரின் முதல் ஆயர் என்று மரபு கூறும் புனித சவினியனின் பெயரே அவருக்கும் வைக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சி திருச்சபையைப் புடம்போட்டு முடித்திருந்த காலம் அது. மூடப்பட்ட மடங்களும் குருமடங்களும் ஒவ்வொன்றாய் மீண்டும் திறக்கப்பட்டன. அப்படி உயிர்பெற்று எழுந்த திருச்சபையிலிருந்து பல இளைஞர்கள் கீழை நாடுகளுக்குப் புறப்பட்டார்கள். துப்புயி அடிகளார் பாரிசு வேதபோதக சபையில் சேர்ந்தார். 1832ஆம் ஆண்டில் புதுவைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26கூட நிறையவில்லை.

சூயசு கால்வாய் வெட்டப்படாத நாள்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பாய்மரக் கப்பலில் வர வேண்டும். புறப்படுகிறவர்கள் பெற்றோரிடம் விடைபெறும்போதே, இனி விண்ணகத்தில்தான் சந்திப்பு என்ற எண்ணத்தோடுதான் விடைபெறுவார்கள்.

இயேசு சபை 1773ஆம் ஆண்டில் கலைக்கப்பட்ட பிறகு, அவர்கள் விட்டுச்சென்ற பணியைப் பாரிசு வேதபோதக சபையினர் 1776 முதல் ஏற்று நடத்திவந்தனர். குருக்கள் குறைவு, பணித்தளமோ பரந்தது. ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை சாமியார் வந்தாலே பெரிது. இந்த நிலையில் இளம் துப்புயி அடிகளார் முதலில் செய்த வேலை தமிழ் படித்ததுதான்.

தமிழுக்குச் செய்த தொண்டு

அவர் தமிழைக் கற்றது ஏதோ பிரசங்கம் செய்யும் அளவுக்கு மட்டும் அன்று. புதுவையில் 1840ஆம் ஆண்டில் மறைப்பணி அச்சகம் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. உடன் உழைத்த மூசே அடிகளாரோடு சேர்ந்து இலத்தீன், பிரெஞ்சு, தமிழ் ஆகிய மும்மொழி அகராதியை 1846ஆம் ஆண்டில் வெளியிட்டார். இருவரும் தொகுத்த தமிழ், பிரெஞ்சு அகராதி 1855, 1862ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. தமிழ் ஆய்வு செய்யும் பிரெஞ்சு அறிஞர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

வீரமாமுனிவரின் தேம்பாவணியை நாம் அறிவோம். கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியோடு சேர்த்தே அம்முனிவரின் பெயரை நம் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியம் நூறாண்டுகளுக்கு மேலாக ஓலைச்சுவடியிலேயே கிடந்தது. அது முதன்முதலில் மூன்று பாகங்களாக அச்சேறியது 1851 முதல் 1853 வரை, இதே புதுவை அச்சகத்தில், துப்புயி அடிகளாரின் முயற்சியால்தான்.

இவ்வளவோடு அவர் வாழ்வு முடிந்திருந்தால், தமிழ்த் தொண்டாற்றிய வெளிநாட்டுக் குருக்களில் ஒருவராக அவர் பெயர் வரலாற்றில் நின்றிருக்கும். ஆனால் ஆண்டவர் அவரிடம் வேறொன்றையும் எதிர்பார்த்தார்.

அச்சகத்திலிருந்து பள்ளிக்கூடத்திற்கு

ஒன்றை நாம் எண்ணிப் பார்க்கலாம். செபப் புத்தகமும் ஞான உபதேசமும் புனிதர் வரலாறும் அச்சாகி வெளிவருகின்றன. கோவிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களில் அந்தப் புத்தகத்தைப் பிரித்து வாசிக்கக்கூடியவர் எத்தனை பேர்? ஏறக்குறைய ஒருவரும் இல்லை. பிள்ளைக்கு முதல் செபம் சொல்லித்தருகிறவள் தாய். அந்தத் தாய்க்கு எழுத்துத் தெரியாது. அச்சகம் எவ்வளவு ஓடினாலும் வீட்டின் அடுக்களை வரை புத்தகம் போகவில்லை.

ஏன் போகவில்லை? அன்றைய சமுதாயத்தில் எழுத்தும் பாட்டும் தெரிந்த பெண்கள் என்றால் பெரும்பாலும் கோவில்களில் ஆடிப் பாடிய தேவதாசிகள்தாம். ஆகவே குடும்பப் பெண் படிப்பது குலத்துக்குப் பழி என்று கருதப்பட்டது. பத்து, பன்னிரண்டு வயதில் திருமணம். அதற்குள் கணவன் இறந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் விதவைக் கோலம். இதில் கத்தோலிக்கக் குடும்பங்கள் விதிவிலக்காக இருக்கவில்லை. திருமுழுக்குப் பெற்றோம், ஆனால் ஊர் வழக்கத்தை விடவில்லை.

பெண் கல்விக்கு முன்பு முயற்சியே இல்லை என்று நாம் சொல்லக்கூடாது. நமது கடற்கரையிலேயே, தரங்கம்பாடியில், லுத்தரன் சபைச் சகோதரர்கள் 1707ஆம் ஆண்டிலேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். புதுவையில் 1748 முதல் கார்மேல் மடம் இருந்தது. ஆனால் அது அடைபட்ட மடம். செபமே அதன் பணி. 1827ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து குளூனி சபைச் சகோதரிகள் வந்தார்கள். அவர்கள் கற்பித்தது பெரும்பாலும் ஐரோப்பியர் வீட்டுப் பெண்களுக்கு, பிரெஞ்சு மொழியில். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண் பிள்ளைக்குத் தமிழில் சொல்லித்தரக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஆள் இல்லை.

1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளமென்ட் பொன்னான் ஆண்டகை புதுவையில் ஒரு மாமன்றத்தைக் கூட்டினார். மறைப்பணியாளர்கள் வாரக்கணக்கில் அமர்ந்து பேசினார்கள். உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும், பள்ளிகளைப் பெருக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்கும் கல்வி தர வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. பின்னாளில் கோவைக்கு ஆயரான பிரெசியாக் ஆண்டகையும் அம்மன்றத்தில் இருந்தார். தீர்மானம் போடுவது எளிது. நமது பங்குப் பேரவையிலும் எத்தனையோ தீர்மானங்கள் குறிப்பேட்டிலேயே உறங்குகின்றன. இந்தத் தீர்மானம் உறங்கவில்லை. அதைத் தூக்கிச் சுமக்கத் துப்புயி அடிகளார் முன்வந்தார்.

1844 அக்டோபர் 16

பெண் பிள்ளைகளுக்கு யார் கற்பிப்பது? இதுதான் முதல் சிக்கல். ஆண் ஆசிரியரிடம் மகளை அனுப்பப் பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள். திருமணமான பெண்ணுக்கு வீட்டு வேலையே சரியாக இருக்கும். வெளியே வரவும் விட மாட்டார்கள். ஐரோப்பியச் சகோதரிகளுக்குத் தமிழ் தெரியாது. அப்படியானால் தமிழ்ப் பெண்களே ஆசிரியைகளாக வேண்டும். அவர்கள் குடும்பப் பாரம் இல்லாமல், ஒன்றாக வாழ்ந்து, ஊர் ஊராகச் செல்லக் கூடியவர்களாக இருக்க வேண்டும். துறவற வாழ்வு ஒன்றே அதற்கு வழி.

இப்படித்தான் 1844ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், ஆயரின் ஒப்புதலோடு, புதுவையில் அந்தச் சபை பிறந்தது. கன்னிப் பெண்ணாகவே வாழ்வது வீட்டுக்கு ஆகாது என்று நம்பிய சமுதாயம் அது. அங்கே திருமணம் வேண்டாம் என்று சொல்லி, வெளியே வந்து, பிறர் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரச் சில தமிழ்ப் பெண்கள் துணிந்தார்கள். அடிகளாரின் துணிவைப் பாராட்டும் நாம் அவர்களுடைய துணிவை மறக்கக்கூடாது. அவர் ஆண், வெளிநாட்டவர், குரு. ஊர் பேசினாலும் அவரை ஒன்றும் செய்துவிட முடியாது. அந்தப் பெண்களோ ஊரின் பேச்சைத் தங்கள் மேல் வாங்கிக்கொண்டார்கள்.

ஆண்டுகளைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். புனே நகரில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் பூலேயும் பெண்கள் பள்ளி தொடங்கியது 1848இல். இந்தியாவில் பெண் கல்வியை அரசு ஆதரிக்க வேண்டும், தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று சார்லசு வுட் அனுப்பிய கல்வி அறிக்கை வந்தது 1854இல். அரசு உதவி என்ற பேச்சே எழாத நாளில் துப்புயி அடிகளார் தொடங்கினார். இதற்கெல்லாம் பிறகு, 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும்கூட, இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. அப்படியானால் 1844இல் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நாமே உணரலாம்.

அடிகளார் கண்ட கல்வியில் எழுத்தும் கணக்கும் இருந்தன. அவற்றோடு செபம், ஒழுக்கம், கைத்தொழில், பிறர்நலம் எல்லாம் சேர்ந்திருந்தன. இன்று நாம் இதை நன்னெறிக் கல்வி என்கிறோம். அதற்கென்று தனிப் பாடவேளை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்றும் எண்ணுகிறோம். அன்று அது ஆசிரியையின் வாழ்க்கையிலிருந்தே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. தனக்கென்று ஒன்றும் சேர்க்காத ஒரு பெண் தினமும் தன் எதிரே நிற்பதைப் பிள்ளை பார்த்தாள்.

குறைகளும் இருந்தன

புனிதமானவர்களின் வரலாற்றைச் சொல்லும்போது குறைகளை மறைப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அது உண்மைக்கு அழகன்று. அன்றைய திருச்சபைக்குள் சாதி நன்றாகவே குடியிருந்தது. கோவிலுக்குள்ளேயே பிரித்து உட்கார வைத்தார்கள். சில மறைப்பணியாளர்கள் அதை எதிர்த்தார்கள். பலர் பொறுத்துக்கொண்டார்கள். ஒரேயடியாக எதிர்த்தால் மக்கள் கோவிலை விட்டே போய்விடுவார்கள் என்று அஞ்சினார்கள். அக்காலப் பள்ளிகளும் மடங்களும் இந்த நோயிலிருந்து முற்றிலும் தப்பவில்லை. பண்ணையாள் வீட்டுப் பெண் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்க இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் ஒன்று சொல்லலாம். ஒரு பெண்ணுக்கு எழுத்து உண்டு என்று ஒப்புக்கொண்டால், எல்லாப் பெண்ணுக்கும் உண்டு என்ற வாதத்தை வெகுகாலம் தடுத்து நிறுத்த முடியாது. துப்புயி அடிகளார் திறந்தது சிறிய கதவு. பின்னால் வந்தவர்கள் அதை அகலமாக்கினார்கள். இன்று தமிழகத்தில் நாம் காணும் அருட்சகோதரிகளின் பள்ளிகளில் ஏழைகள், ஒடுக்கப்பட்டோர், பிற சமயத்தார் என எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

அடிகளார் 1874ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் புதுவையில் இறைவனடி சேர்ந்தார். தமிழ் மண்ணுக்கு வந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கண்மூடியபோது அவருடைய சபைக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பொன்னான் ஆண்டகை அதற்கு முன்பே, 1861இல், காசி நகரில் இறந்துவிட்டார். தொடங்கியவர்கள் போனார்கள். தமிழ்ச் சகோதரிகள் பணியைத் தொடர்ந்தார்கள்.

நம் வீட்டில் நடந்தது

அன்பார்ந்தவர்களே, இதை எழுதும் நமக்கும் ஓர் அக்கா உண்டு. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அக்கா எட்டாம் வகுப்பில் நம்மைவிட நன்றாகப் படித்தார். நடவுக் காலத்தில் வீட்டில் ஒரு கை குறைந்தது. கைக்குழந்தையைப் பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. அக்காவின் பள்ளிப் படிப்பு அந்த ஆண்டோடு நின்றது. இரண்டு அருட்சகோதரிகள் வெயிலில் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் வெகுநேரம் கெஞ்சினார்கள். பையன் குருமடத்துக்குப் போகப்போகிறான், ஒருவர் படித்தால் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவரை மட்டும் நாம் குறைசொல்ல முடியாது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாமும் வாய் திறக்கவில்லை. நமக்குப் படிப்பு கிடைக்கிறது என்ற நிம்மதிதான் அப்போது இருந்தது.

அக்காவின் மகள் சகோதரிகள் நடத்திய பள்ளியில்தான் படித்தாள். இன்று செவிலியராக வேலை பார்க்கிறாள். முதல் சம்பளம் வாங்கிய அன்று அக்கா நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை, அழுதார். அந்த அழுகையில் மகிழ்ச்சி எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நமக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

இன்று நமது கடமை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்துப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிந்தவர்கள். மகிழ்ச்சிதான். மீதி 27 பேர் யார்? பெரும்பாலும் நம் அக்காவைப் போன்றவர்கள், அவர்களுக்கும் மூத்தவர்கள். இனிப் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் நமது பகுதியின் தென்னைகளையும் கூரைகளையும் சாய்த்தபோது, குடும்பத்தின் வருமானமும் சாய்ந்தது. இப்படி ஒரு பேரிடர் வரும்போதெல்லாம் முதலில் யாருடைய படிப்பு கேள்விக்குறியாகிறது? பெண் பிள்ளையின் படிப்புதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் மில் வேலைக்கு அனுப்பலாமா, மாப்பிள்ளை பார்க்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழுகிறது.

யாயிரின் மகளை நினைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதுச் சிறுமி. எல்லாம் முடிந்துவிட்டது, போதகரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார்கள் வீட்டார். இயேசு அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். அதோடு விடாமல், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படியும் சொன்னார். எழுப்பிவிடுவது பாதி வேலை. எழுந்தவள் நிற்பதற்கு வலிமை கொடுப்பது மீதி வேலை. பள்ளிக்கூடம் எழுப்பிவிடுகிறது. நிற்க வைப்பது குடும்பமும் பங்கும்.

ஆகவே சில காரியங்களை நாம் செய்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பெண் பிள்ளைகள் நம் அன்பியத்தில் யார் யார் என்று அன்பியப் பொறுப்பாளர் கேட்டு எழுதி வைக்கட்டும். அரசு உதவிகள் அவர்களுக்குச் சேருகின்றனவா என்று பார்க்கட்டும். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தது. 2024 டிசம்பரில் அது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நமது சகோதரிகளின் பள்ளிகளில் பல அரசு உதவி பெறுபவையே. விவரம் தெரியாமல் எந்தப் பிள்ளையும் விட்டுப்போகக் கூடாது. திருவிழாவுக்கு நாம் செலவிடும் வாணவேடிக்கைப் பணத்தில் ஒரு பங்கு ஒரு மாணவியின் விடுதிக் கட்டணமானால், பாதுகாவலரான புனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. நமது கல்வி நிலையங்கள் கட்டணம் செலுத்த வசதியுள்ளவர்களின் பக்கமே மெல்ல மெல்லச் சாய்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஆங்கில வழி வகுப்பு நிறைகிறது. தமிழ்வழி வகுப்பில் பிள்ளைகள் குறைகிறார்கள். இதில் பெற்றோரின் ஆசையும் இருக்கிறது, நிர்வாகத்தின் நெருக்கடியும் இருக்கிறது. குருக்களும் துறவியரும் சேர்ந்தே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். யாருக்கு ஆள் இல்லையோ அவர்களைத் தேடித்தான் துப்புயி அடிகளார் போனார். இன்று நமது ஊரில் யாருக்கு ஆள் இல்லை?

இந்த வாரம் ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போனதும், படிப்பை நிறுத்திய ஒரு பெண் பிள்ளை நம் தெருவில் இருக்கிறாளா என்று விசாரிப்போம். இருந்தால் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவோம். அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த இரு சகோதரிகள் தோற்றுத் திரும்பினார்கள். ஆனால் அவர்கள் வராமல் இருந்திருந்தால், அக்கா தன் மகளை எப்பாடுபட்டாவது படிக்க வைக்க வேண்டும் என்று அன்றே மனத்தில் முடிவு செய்திருக்க மாட்டார்.

கல்வி பெறாத பிள்ளைகள்மேல் இரக்கம் கொண்ட இறைவா, துப்புயி அடிகளாரையும், அவர் அழைப்பை ஏற்று முன்வந்த எம் தமிழ்ச் சகோதரிகளையும் தந்ததற்காக உமக்கு நன்றி கூறுகிறோம். எம் வீட்டுப் பெண் பிள்ளைகளின் கைகளைப் பிடித்துத் தூக்கிவிடும். அவர்கள் நிற்கத் துணைநிற்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.